மார்கழியை வீட்டிலேயே கொண்டாடலாம்: முதல் முறை தொடங்குபவர்களுக்கு

தீபாவளி ஒரு நாள், பொங்கல் மூன்று நாள். மார்கழி மட்டும் மாதம் முழுக்க வாசலில் வந்து நிற்கிறது. நாம்தான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதைத் தூங்கியே கழித்துவிடுகிறோம். நாலரைக்கே எழுந்து குளிக்க வேண்டும், தெருவை அடைத்துக் கோலம் போட வேண்டும், கச்சேரி கேட்கச் சென்னைக்குப் போக வேண்டும் என்று பெரிதாக நினைத்துக்கொள்வதால்தான் பலர் தொடங்குவதே இல்லை. அவ்வளவெல்லாம் வேண்டாம். நாளைக்கு ஒரு பாட்டு, வாசலில் ஒரு சின்னக் கோலம், விடுமுறையில் ஒரு படமும் ஒரு புத்தகமும் போதும். திட்டம் போடும் வேலையும் உங்களுக்கு இல்லை. திருப்பாவையில் 30 பாசுரம் இருக்கிறது. அதுவே நாள் கணக்கு.

முதல் படி: காலண்டரில் நான்கு இடத்தைக் குறியுங்கள்

மார்கழி பெரும்பாலும் டிசம்பர் 16 வாக்கில் பிறக்கும். அந்த நாளை முதலில் வட்டமிடுங்கள். அடுத்தது மார்கழி 27, அதாவது கூடாரவல்லி. மூன்றாவது, பள்ளிக்கூடத்து அரையாண்டு விடுமுறை. கடைசியில் போகி. வைகுண்ட ஏகாதசியும் திருவாதிரையும் உங்கள் வீட்டு வழக்கத்தில் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் முதல் வருடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் யாருக்கு எந்த வேலை என்று பேசிவிடுங்கள். கோலம் ஒருவர், பாட்டு போடுவது ஒருவர், காபி ஒருவர். எல்லாமே அம்மா தலையில் விழுந்தால் அது பத்தாம் நாளோடு நின்றுபோகும். அப்படி நிற்பதுதான் நியாயமும்கூட.

இரண்டாம் படி: கோலம்

கடையில் விற்கும் வெள்ளை மாவு பெரும்பாலும் கல்லைப் பொடித்தது. விரலிடுக்கில் சுலபமாக வழுக்கிக்கொண்டு இறங்கும், கோடும் பளிச்சென்று விழும். பச்சரிசி மாவு எறும்புக்கும் குருவிக்கும் தீனியாகும், ஆனால் சற்று ஒட்டும். இரண்டையும் பாதிப் பாதி கலந்துகொண்டால் புதிதாகப் பழகுபவர்களுக்கு வசதி. மாவை எடுக்கும்போது விரல் ஈரமில்லாமல் இருக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சமாகப் பிடித்து, கையை அதிகம் தூக்காமல் நகர்த்துங்கள். தரை லேசாக ஈரமாக இருந்தால் மாவு பறக்காது. தண்ணீர் தேங்கியிருந்தால் கோடு கரைந்துவிடும்.

முதல் வாரத்துக்கு ஒரே ஒரு கோலம் போதும்: 5 புள்ளி, 3 வரை, இடுக்குப் புள்ளி. நடு வரிசையில் 5 புள்ளி வையுங்கள். அதன் மேலேயும் கீழேயும், இரண்டு புள்ளிக்கு நடுவே வருகிற மாதிரி 4, அதற்கு அடுத்து 3. மொத்தம் 19 புள்ளி, ஆறு மூலை. இப்போது நட்டநடுப் புள்ளியிலிருந்து ஒரு மூலைப் புள்ளிக்குப் போங்கள். வழியில் ஒரு புள்ளி இருக்கும். அது உள்ளே அடங்குகிற மாதிரி இரண்டு பக்கமும் வளைகோடு இழுத்தால் ஓர் இதழ். ஆறு மூலைக்கும் இப்படியே இழுத்தால் ஆறிதழ்ப் பூ வந்துவிடும். இதழ்களுக்கு நடுவே வெளியில் ஆறு புள்ளி மிச்சமிருக்கும். அவற்றைச் சுற்றி ஒரு குட்டி இலை போட்டால் முடிந்தது. ஓரத்தில் காவி பூசினால் அதே கோலம் பண்டிகைக் கோலமாகிவிடும். இது கைக்கு வந்தபிறகு 7 புள்ளி 4 வரைக்குப் போகலாம். சிக்குக் கோலத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் கதவுக்கு வெளியே இரண்டடி இடம்தான் இருக்கும் என்றால் அதில் இந்தப் பூ அழகாக அடங்கும். நடுவில் சாண உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ செருகுவது ஊர்ப் பழக்கம். பூசணிப்பூ கிடைத்தால் நீங்களும் செருகுங்கள். பிளாஸ்டிக் பூ மட்டும் வேண்டாம், அதற்கு வெறும் கோலமே மேல். ஒட்டுகிற ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மூன்றாம் படி: நாளுக்கு ஒரு பாசுரம்

மாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய திருப்பாவையில் ஒரு நாளைக்கு ஒன்று. சைவ வீடுகளில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாட்டும் திருப்பள்ளியெழுச்சி 10 பாட்டும் சேர்ந்து அதே 30 ஆகிறது. சாமி கும்பிடும் வழக்கமே இல்லை, தமிழுக்கும் இசைக்கும் மட்டும் கேட்கிறேன் என்றாலும் ஒன்றும் குறையாது. மார்கழிக்கு 29 நாளே வருகிற வருடங்களில் கடைசி நாளில் இரண்டு பாசுரம் சேர்த்துப் பாடிவிடுவார்கள்.

என்ன ராகத்தில் பாடுவது? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 30 பாசுரத்துக்கும் தனித்தனி மெட்டு அமைத்திருக்கிறார். கச்சேரி மேடைகளில் இன்றைக்கும் அதிகம் கேட்பது அந்த வழிதான். தொடங்குபவர்களுக்கு எம்.எல். வசந்தகுமாரியின் ஒலிப்பதிவைச் சொல்வேன். சொல் தெளிவாக விழும், ஒரு பாசுரம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். வேறு யார் குரல் பிடித்தாலும் சரி, மாதம் முழுக்க ஒரே குரலாக இருக்கட்டும். தினம் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தால் காலை நேரம் தேடுவதிலேயே போய்விடும்.

கேட்கும் முறை இப்படி: முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்து வீட்டில் பேசுங்கள். நாலாம் பாசுரத்தில் மழை எப்படிப் பொழிய வேண்டும் என்று வருணனிடம் ஆண்டாள் பட்டியல் போட்டுக் கேட்கிறாள். ஏழாம் பாசுரத்தில் ஆனைச்சாத்தன் என்ற பறவை கத்துகிறது, தயிர் கடையும் ஓசை கேட்கிறது. பிள்ளைகளுக்கு உரை வேண்டாம். அந்த ஓசையைக் காட்டினால் போதும்.

முதல் ஐந்து நாளில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. அரியக்குடி மெட்டில் முதல் ஐந்து பாசுரமும் வரிசையாக நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுக்கும் இதே ஐந்து ராகம், இதே வரிசை. பெரும்பாலும் ஜனவரியில் வருகிற திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் இவற்றைப் பாடுவதை நேரலையில் போடும்போது, ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் ‘இது எங்கேயோ கேட்டதாயிற்றே’ என்று பிள்ளைகள் தலையைத் தூக்குவார்கள். சங்கீத வகுப்புக்குப் பணம் கட்டாமலே அந்த அளவுக்குக் காது பழகும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் நம் வீட்டுப் பாட்டு நம் வீட்டுக்குள் இருக்கட்டும். தெருக்கோடி ஒலிபெருக்கியைத் திட்டிக்கொண்டே நாமும் அதையே செய்யக்கூடாது.

நான்காம் படி: ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி

மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. அதைச் சுற்றி வளர்ந்த டிசம்பர் சீசனில் இன்று சென்னையில் சபாக்கள் ஏராளம். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்குக் கட்டணம் கிடையாது என்பதால் சென்னைக்காரர்கள் நேரிலேயே போகலாம், அப்படியே கேன்டீனையும் ஒரு கை பார்க்கலாம். மற்றவர்களுக்கு வீட்டுக் கூடம். முழு இரண்டரை மணி நேரக் கச்சேரியை முதல் நாளே போட்டால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்துபோவார்கள். நான் சொல்வது தலைகீழ் வழி: கச்சேரியின் கடைசி அரைமணியிலிருந்து தொடங்குங்கள். துக்கடா என்கிற குட்டிப் பாட்டுகள், காவடிச்சிந்து, பாரதியார் பாட்டு, தில்லானா எல்லாம் அங்கேதான் வரும். அது பிடித்துப்போனால் அடுத்த வாரம் மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்திலிருந்து, அதற்கடுத்த வாரம் நடுவில் வரும் பெரிய கீர்த்தனையிலிருந்து என்று பின்னோக்கிப் போகலாம்.

ஐந்தாம் படி: கூடாரவல்லிக்கு அக்காரவடிசல்

திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆயர்பாடிப் பெண்கள் நெய்யும் பாலும் உண்ணமாட்டோம் என்று நோன்பு தொடங்குகிறார்கள். 27-ஆம் பாசுரத்தில் நகையெல்லாம் அணிந்துகொண்டு, நெய் முழங்கை வழியாக வழிகிற பாற்சோறு சாப்பிடுகிறார்கள். ஆகவே அன்று நெய்க்குக் கணக்குப் பார்க்கக்கூடாது. தன் இன்னொரு நூலான நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசலும் நேர்ந்துகொள்கிறாள். பிற்காலத்தில் ராமானுஜர் அதை நிறைவேற்றினார் என்றும், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவரை ஆண்டாள் ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்றும் வைணவ மரபில் சொல்வார்கள். சமைக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

நாலைந்து பேருக்கு அளவு: பச்சரிசி 1 டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், பால் 5 டம்ளர், தண்ணீர் 1 டம்ளர், பொடித்த வெல்லம் 2 டம்ளர், நெய் அரை டம்ளர். முந்திரி, ஏலக்காய், மிளகளவு பச்சைக் கற்பூரம்.

அடிகனமான பாத்திரத்தில் ஒரு கரண்டி நெய் விட்டு, பருப்பை வாசனை வரும்வரை வறுங்கள். அரிசியையும் போட்டு ஒரு புரட்டு. தண்ணீரையும் 3 டம்ளர் பாலையும் ஊற்றிச் சிறுதீயில் வேகவிடுங்கள். மிச்சப் பாலைச் சூடாகவே பக்கத்தில் வைத்துக்கொண்டு, இறுக இறுகச் சேர்த்துக் கிளறுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். குக்கரில் வைத்தால் நேரம் மிச்சம்தான், ஆனால் பால் பொங்கி விசில் வழியாக அடுப்பை நனைக்கும். உள்ளே ஒரு சிறு கிண்ணத்தையோ கரண்டியையோ போட்டு வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அரிசி கரண்டியால் மசித்தால் குழைகிற பதம் வர வேண்டும், ஏனென்றால் வெல்லம் சேர்ந்தபிறகு அது மேற்கொண்டு வேகாது.

வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டுச் சற்று ஆறவிடுங்கள். அடுப்பைத் தணித்துவிட்டு அதைச் சோற்றில் சேருங்கள். கொதிக்கிற பாலில் அப்படியே கொட்டினால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. மீதி நெய், வறுத்த முந்திரி, ஏலம், கற்பூரம் எல்லாம் கடைசியில். ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள். சர்க்கரைப் பொங்கல் தண்ணீரில் வெந்தது; இது பாலிலேயே வெந்தது. சுவையில் அந்த வித்தியாசம் தெரிந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

ஆறாம் படி: அரையாண்டு விடுமுறைக்குப் படமும் புத்தகமும்

விடுமுறையில் படம் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எந்தப் படம் என்று ரிமோட்டை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சண்டை போடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதற்கு வழி சீட்டுக் குலுக்கல். விடுமுறை தொடங்கும் முன்பே ஆளுக்கு ஒரு படம் எழுதிப் போட்டுவிடட்டும். எடுத்த சீட்டுக்கு மறுபேச்சு கிடையாது. தாத்தா சீட்டு வந்தால் பேரன் உட்கார வேண்டும், பேரன் சீட்டு வந்தால் தாத்தா.

பேரன் பெரும்பாலும் ‘ஹோம் அலோன்’ எழுதுவான். 1990-ல் வந்த படம், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதற்கு இசை ஜான் வில்லியம்ஸ். பையன் தனியாக தேவாலயத்துக்குள் போகும்போது பிள்ளைகள் கூட்டமாகப் பாடுகிற இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து பிளம் கேக் வந்திருந்தால் அன்றைக்கே வெட்டிவிடலாம்.

என் சீட்டில் எப்போதும் ‘தில்லானா மோகனாம்பாள்’தான் இருக்கும். பாட்டு, புத்தகம், படம் மூன்றும் ஒரே கதையில் கிடைப்பதால் தொடங்குபவர்களுக்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் கோபுலுவின் படங்களோடு தொடராக எழுதியது, 1968-ல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் நாதஸ்வர வித்வான் என்பதால் முதல் நாள் நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம், பத்து நிமிடம் கேட்டால் போதும். இரண்டாம் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின் நாவலின் தொடக்க அத்தியாயங்களை ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். குரல் மாற்றிப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருப்பார். மூன்றாம் நாள் படம்.

மூன்று மணி நேரத்தை ஒட்டிய படம் என்பதால் வீட்டிலும் இடைவேளை விடுங்கள், வேர்க்கடலை, காபி. படத்தில் சிவாஜிக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இதைப் படம் தொடங்கும் முன் சொல்லாதீர்கள். முடிந்தபிறகு சொல்லிவிட்டு, வாசிக்கும் காட்சி ஒன்றை மறுபடி போட்டு, சிவாஜியின் கன்னத்தையும் விரலையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ பாட்டு ஷண்முகப்பிரியா ராகம். அதே ராகத்தில் ஒரு கீர்த்தனையை ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் சேர்த்துவிடலாம்.

நாவல் பெரியது, விடுமுறைக்குள் முடியாது. அதற்குப் பதில் சிறு சிறு அத்தியாயமாக எதையாவது படிக்க வேண்டும் என்றால் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் 1942 வரை விகடனில் வந்த தொடர். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் சங்கீதம் கற்றதும், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்பதால் விட்டதும் வருகிற பகுதியைத் தேடிப் படியுங்கள். தமிழா பாட்டா என்ற அந்தச் சங்கடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

ஏழாம் படி: போகி

வீட்டை ஒழிக்கும்போது புத்தக அலமாரியையும் சேர்த்து ஒழியுங்கள். இனிப் படிக்கமாட்டோம் என்று தெரிந்ததைத் தெருமுனை நூலகத்துக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுத்துவிடலாம். பழைய கேசட்டையும் டயரையும் தெருவில் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை எல்லார் மூக்குக்கும்தான் போகும். காலியான இடத்தை நிரப்ப வழி இருக்கிறது. 1977-லிருந்து நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான் வருகிறது, வழக்கமாக பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. போவதற்கு முன் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரட்டும். மறுநாள் விடிந்தால் பொங்கல், வாசலுக்குப் பெரிய கோலம் வேண்டும். 7 புள்ளி 4 வரையை இரவே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.