பேக்கப் எடுத்தால் போதுமா? நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஜனவரி மாதம், காலை ஒன்பதரை மணி இருக்கும். கணக்கு எழுதும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி பெரிதாகப் பதறவில்லை. "பேக்கப் டெய்லி எடுக்கறோமுங்களே தம்பி, அதைப் போட்டு விட்டுருங்க" என்றார்.

பேக்கப் இருந்தது. தினமும் இரவு எட்டு மணிக்குத் தவறாமல் ஓடியிருந்தது. முந்தின நாள் வரை வரிசையாகப் பச்சை டிக். எடுத்துப் போட்டு, கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியைத் திறந்தால், கடைசி வவுச்சர் போன வருடம் பிப்ரவரி மாதத்துடையது.

அந்த பிப்ரவரியில் டேலி டேட்டா ஃபோல்டரை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் சாஃப்ட்வேரிலும் அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதினொரு மாதமாக, யாரும் தொடாத பழைய ஃபோல்டரையே அது இரவுதோறும் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்காவும் இரண்டு பையன்களும் பில் கட்டுகளைப் பிரித்து வைத்து ஐந்து வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார்கள். விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்ததோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிந்தது. ஜாப் ஒர்க் கொடுத்த இடங்களின் பாக்கி, பீஸ் ரேட் கூலி இதெல்லாம் பாதி நோட்டில் இருந்தது, மீதி அக்காவின் ஞாபகத்தில் இருந்தது.

தொழில் நடத்துபவர்களும் ஐடி பொறுப்பில் இருப்பவர்களும் இன்றைக்குக் கவலைப்பட நிறைய இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு, ஏறிக்கொண்டே போகும் கிளவுட் பில், புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசை நீளம். நான் பேக்கப்பைப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம், எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைக்கும் வேலை இதுதான். "பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "கடைசியாக எப்போது அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும்.

ஒரு தடவைகூடத் திரும்ப ஏற்றிப் பார்க்காதது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். சின்னக் கம்பெனிகள் மட்டும் இதைச் செய்வதில்லை. உலகம் முழுக்க சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் பாருங்கள். இரவு நேரம். டேட்டாபேஸ் பிரச்சினை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பொறியாளர், துணை சர்வரில் இருந்த ஃபோல்டரை அழிக்க நினைத்து, முதன்மை சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். ஐந்து வழிகளில் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தினமும் அமேசான் கிளவுடுக்குப் போக வேண்டிய பிரதி போகவே இல்லை, அந்த இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் கருவி பழைய பதிப்பு, டேட்டாபேஸ் புதிய பதிப்பு என்பதால் அது ஒவ்வொரு நாளும் தோற்றுப்போயிருக்கிறது. தோற்றால் எச்சரிக்கை மெயில் வரும்படி வைத்திருந்தார்கள். அந்த மெயில்களுக்கு முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் மெயில் சர்வர் அவற்றை வாங்காமல் தள்ளிவிட்டது. கடைசியில் காப்பாற்றியது, வேறு ஒரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. தற்செயலாக இருந்தது.

இவ்வளவு திறமையான ஆட்கள் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், மாதம் ஒரு தடவை வந்து பார்க்கும் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) ஆளை நம்பியிருக்கும் நம் ஊர் ஆபீஸ்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். தோல்வி வந்தால் மெயில் வரும் என்று இருந்துவிடாதீர்கள். மெயில் வராதது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லாப் பிரதிகளையும் ஒரே இடத்தில் வைப்பது

நான் போகும் ஆபீஸ்களில் பாதிக்கு மேல் ஒரே காட்சிதான். சர்வர் மேலேயே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும், யுஎஸ்பி ஒயர் செருகியபடியே இருக்கும், அதில் சின்ன நீல விளக்கு எரியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் உள்ளே வந்தால் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எட்டும் எல்லா டிரைவையும் பூட்டும். செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் அதில் ஒன்று. தாக்குபவர்கள் முதலில் தேடிப் போவதே பேக்கப்பைத்தான், ஏனென்றால் அது உங்களிடம் இருக்கும் வரை நீங்கள் பணம் கட்ட மாட்டீர்கள்.

தண்ணீரும் தீயும் வேறு இருக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வெள்ளம் புகுந்த கட்டடங்களில், சர்வர் ஒரு மேஜையிலும் பேக்கப் அதன் கீழ் அலமாரியிலும் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்துதான் போயிருக்கும். பெரிய டேட்டா சென்டரில் வைத்தாலும் இதே கேள்வி உண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது. சர்வரும் அதன் பேக்கப்பும் ஒரே கட்டடத்தில் எரிந்துபோன வாடிக்கையாளர்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது.

இந்த வகையில் என்னை மிகவும் வருத்திய சம்பவம் தென்கொரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பிடித்தது. 700க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைக்கும் ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்துபோனது. 858 டெராபைட். வெளியே ஒரு பிரதிகூட இல்லை. அளவு மிகப் பெரியது, வேகம் குறைந்த அமைப்பு, அதனால் வெளியே பேக்கப் எடுக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். "டேட்டா ரொம்பப் பெருசு சார், அதான் எடுக்கல" என்று நம் ஊரில் நான் கேட்ட அதே வாக்கியம். எல்லாவற்றையும் எடுக்க முடியாவிட்டால், எது போனால் தொழில் நிற்குமோ அதையாவது எடுங்கள்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கு இன்றைக்கும் செல்லும். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. நான் கூடுதலாக ஒன்று கேட்பேன்: ஒரு பிரதியாவது ஒயரிலும் இல்லாமல் நெட்டிலும் இல்லாமல் இருக்கட்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் ஒன்றை வீட்டு பீரோவில் வைத்தால்கூட, ஒரு சின்ன நிறுவனத்துக்கு அது பெரிய பாதுகாப்பு.

சிங்க் ஆவதை பேக்கப் என்று நினைப்பது

இது படித்தவர்களும் விழும் குழி. கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ கோப்புகள் சிங்க் ஆகின்றன, அதனால் பத்திரம் என்ற நம்பிக்கை. சிங்க் என்றால் இங்கே நடப்பது அங்கேயும் நடக்கும் என்று பொருள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கோப்பு ரேன்சம்வேரால் பூட்டப்பட்டால் பூட்டிய கோப்புதான் மேலே ஏறும். குப்பைத் தொட்டியில் தேடலாம்தான், ஆனால் அதற்கும் கெடு உண்டு: கூகுள் டிரைவில் 30 நாள், நிறுவனங்களுக்கான ஒன்டிரைவில் 93 நாள். வேலையை விட்டுப் போன ஒருவர் போகும்போது ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டுப் போனார், ஆடிட் நேரத்தில்தான் அது தெரிந்தது என்றால் கெடு தாண்டியிருக்கும்.

மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கதையும் இதேதான், அளவுதான் பெரிது. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற வைரஸ் அவர்கள் நெட்வொர்க்கில் புகுந்தது. யார் யார் எதில் நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் அவர்களிடம் உலகம் முழுக்கச் சுமார் 150 இருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று சிங்க் ஆகிக்கொண்டிருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்பதால் அவற்றுக்குத் தனி பேக்கப் வைக்கவில்லை. எல்லாமே ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. கானாவில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது, காரணம் அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. அதிலிருந்த டேட்டாவை ஆள் மூலம் லண்டனுக்குக் கொண்டுபோய், சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் மறுபடி எழுப்பினார்கள். 25 முதல் 30 கோடி டாலர் நஷ்டம் என்று கம்பெனி கணித்தது.

ஒரே சாவியில் இரண்டு பூட்டு

சர்வருக்கும் பேக்கப்புக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைப்பதைத்தான் சொல்கிறேன். 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கணக்கில் ஒருவன் நுழைந்து பணம் கேட்டான். நிறுவனம் கணக்கை மீட்க முயன்றபோது டேட்டாவையும் பேக்கப்பையும் அழித்தான். இரண்டும் அதே கணக்கின் கீழ்தான் இருந்தன. நிறுவனமே மூடப்பட்டது. பேக்கப்புக்குத் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு, அதற்கு ஓடிபி போல இரண்டாவது சரிபார்ப்பு, இத்தனை நாளுக்கு யாராலும் அழிக்க முடியாது என்ற பூட்டு. இந்த வசதி இன்று பெரும்பாலான கிளவுட் சேமிப்பில் இருக்கிறது, போட்டு வைக்க அரை மணி நேரம் போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பேக்கப்புக்கு பாஸ்வேர்டு போட்டு, அந்த பாஸ்வேர்டை அதே சர்வரில் ஒரு எக்ஸெல் கோப்பில் எழுதி வைத்திருந்த ஆபீஸைப் பார்த்திருக்கிறேன். சர்வர் போனால் சாவியும் போச்சு. பேப்பரில் எழுதி உறையில் ஒட்டி முதலாளியின் லாக்கரில் வையுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடாதது

பேக்கப் நன்றாகவே இருந்தும் தொழில் நிற்கலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சைபர் தாக்குதல் நடந்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து மருத்துவமனை டேட்டா மீட்கப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. டேட்டா பிழைத்தது. ஆனாலும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பதிவு, லேப் ரிப்போர்ட், பில் எல்லாம் காகிதத்தில் ஓடின.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிளவுடில் 2 டெராபைட் இருக்கிறது, ஆபீஸ் லைன் 100 எம்பிபிஎஸ் என்றால், வேறு யாரும் நெட்டைத் தொடாமல் முழு வேகத்தில் இறக்கினாலே 44 மணி நேரம். அதன் பிறகு சாஃப்ட்வேர் போட வேண்டும், லைசென்ஸ் கீ தேட வேண்டும், பிரின்டர் இணைக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நாள் சரக்கு அனுப்பத் தேவையான ஈ-வே பில் எப்படிப் போடுவீர்கள், லாரி எப்படிக் கிளம்பும்? இந்தக் கேள்வியை ஐடி ஆள் தனியாகத் தீர்க்க முடியாது. எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும், எத்தனை மணி நேர வேலை அழிந்தால் தாங்கும் என்ற இரண்டு எண்ணையும் முதலாளிதான் சொல்ல வேண்டும். அவர் அரை நாள் என்றால் அதற்கு ஒரு செலவு, மூன்று நாள் என்றால் வேறு செலவு. எண்ணைச் சொல்லாமல் "பார்த்துக்கோப்பா" என்று விட்டுவிட்டு, விழுந்த பிறகு ஐடி ஆளைத் திட்டுவதில் எந்த நியாயமும் இல்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாக. பதிவு பெற்ற கம்பெனிகள் மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. முன்பு அவ்வப்போது என்றுதான் இருந்தது. ரேன்சம்வேர் போன்ற சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டு வந்தது. உங்கள் ஆடிட்டரிடம் இரண்டையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் திருப்பூர் கம்பெனியில் இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா ஒரு பழைய லேப்டாப்பை எடுக்கிறார். பீரோவிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அதிலிருந்து டேலி டேட்டாவை அந்த லேப்டாப்பில் ஏற்றுகிறார். திறந்ததும் கடைசி வவுச்சர் எண்ணைப் பார்த்து, அந்தப் பிரதி எடுத்த நாளின் பில் கட்டில் இருக்கும் கடைசி எண்ணோடு ஒப்பிடுகிறார். நீலக் கோடு போட்ட நோட்டில் தேதி, வவுச்சர் எண், எத்தனை நிமிடம் ஆனது என்று மூன்று கட்டம். ஒரு மாதம் எண் பொருந்தவில்லை. அன்றைக்கே எனக்கு போன் வந்தது. புதிதாக ஆரம்பித்த இரண்டாவது யூனிட்டின் ஃபோல்டர் பேக்கப்பில் சேரவில்லை. அது ஆரம்பித்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சேர்த்துவிட்டோம்.