பழக்கமில்லாத துறையின் ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி

குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ஒரு நோய் உண்டு, ரேனாட் நோய் என்பார்கள். அந்த நோயாளிகள் பலருக்கு ரத்தம் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கிறது என்று 1980களில் ஒரு கூட்டம் மருத்துவக் கட்டுரைகள் சொல்லிக்கொண்டிருந்தன. மீன் எண்ணெய் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கும் என்று வேறொரு கூட்டம் கட்டுரைகள் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு பக்கத்துக்காரர்கள் மறுபக்கத்தைப் படிக்கவே இல்லை. தகவல் அறிவியல் பேராசிரியரான டான் ஸ்வான்சன் இரண்டையும் படித்துவிட்டு, அப்படியானால் ரேனாட் நோய்க்கு மீன் எண்ணெய் உதவலாமே என்று 1986-ல் எழுதினார். அவர் மருத்துவர் இல்லை, ஒரு நோயாளியைக்கூடச் சோதிக்கவில்லை. 1989-ல் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தபோது, வேறு நோய் எதுவும் சேராமல் ரேனாட் மட்டும் இருந்தவர்களுக்குக் குளிரைத் தாங்கும் நேரம் கூடியிருந்தது.

நம்மில் எல்லோரும் ஸ்வான்சன் ஆக முடியாது, சரி. ஆனால் அவர் செய்த வேலையின் முதல் பாதியை, அதாவது சம்பந்தமில்லாத இரண்டு துறைகளைப் பக்கத்தில் வைத்துப் படிப்பதை, யாரும் செய்யலாம். பட்டம் தேவையில்லை, கொஞ்சம் முறையும் நிறையப் பொறுமையும் இருந்தால் போதும். நான் செய்து பழகிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். "நரம்பியல் படிக்கப் போகிறேன்" என்று உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவீர்கள். "மனிதன் இரவில் எப்படித் தூங்கினான்?" என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள், நரம்பியல் தானாக வந்து சேரும், கூடவே வரலாறும் மானுடவியலும் வரும்.

இந்தத் தூக்கக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ரோஜர் எக்கர்ச் என்ற வரலாற்றாசிரியர் 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பழைய நாட்குறிப்புகளையும் நீதிமன்ற வாக்குமூலங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் தேடிப் படித்து, தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பாவில் மக்கள் "முதல் தூக்கம்", "இரண்டாம் தூக்கம்" என இரண்டு தவணையாகத் தூங்கினார்கள், நடுவில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விழித்திருந்தார்கள் என்கிறார். அடுத்து 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மின்விளக்கு இல்லாமல் வாழும் ஆப்பிரிக்காவின் ஹட்ஸா, சான் மக்கள், தென் அமெரிக்காவின் சிமானே மக்கள் ஆகியோரின் கைகளில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். அந்த மக்கள் சராசரியாக இரவில் 5.7 முதல் 7.1 மணி நேரம் தூங்கினார்கள், பெரும்பாலும் ஒரே நீட்டாக. இரண்டில் எது உண்மை என்று உடனே கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஒன்று குளிர்கால இரவு மிக நீளமாக இருக்கும் நாடுகளின் பழைய காகிதங்களிலிருந்து வந்தது, மற்றது நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகில் இன்று வாழும் மனிதர்களின் கைகளிலிருந்து வந்தது. இரண்டும் பொய்யில்லாமல் இருக்க இடமிருக்கிறது.

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல வந்தேன். ஒரு துறைக்குள் நுழைந்ததும் அங்கே என்ன கண்டுபிடித்தார்கள் என்று தேடுவதற்கு முன்னால், அங்கே எதைச் சான்றாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று தேடுங்கள். துகள் இயற்பியலில் ஒரு புதிய துகளைக் கண்டுபிடித்தோம் என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும், அதாவது துகளே இல்லாமல் வெறும் தற்செயலால் அப்படியொரு முடிவு வர சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் இருக்க வேண்டும். 2012-ல் ஹிக்ஸ் என்ற துகள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் அறிவிக்கப்பட்டது. உளவியலிலும் மருத்துவத்தின் பல பகுதிகளிலும் அந்தக் கோடு இருபதில் ஒன்று, அவ்வளவுதான். கணிதத்தில் வாய்ப்புக்கே வேலை இல்லை, நிரூபணம் உண்டா இல்லையா என்பது மட்டுமே. வரலாற்றில் ஒரே ஒரு கடிதம்கூடப் பெரிய சான்றாகலாம், ஆனால் அதை யார் யாருக்கு எதற்காக எழுதினார் என்று காட்டியாக வேண்டும். ஒரு துறையின் அளவுகோலை எடுத்துப்போய் இன்னொரு துறையை அளந்துவிட்டு, இதெல்லாம் ஆராய்ச்சியா என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அப்புறம், தேடுவது. இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள், காரணம் சொற்கள். வெக்டர் என்றால் கணிதத்தில் திசையும் அளவும் கொண்டது, நோய்ப்பரவல் ஆய்வில் கிருமியைச் சுமந்துவரும் கொசு. பிளாஸ்மா என்றால் மருத்துவருக்கு ரத்தத்தின் திரவப் பகுதி, இயற்பியலாளருக்கு மின்னூட்டம் பெற்ற வாயு. இதன் மறுபக்கம் இன்னும் சிக்கலானது, ஒரே விஷயத்துக்கு இரண்டு துறைகளில் இரண்டு பெயர் இருக்கும். ஒரு பொருளை ஊடுருவிப் போகும் கோடுகளின் அளவீடுகளை வைத்து அதன் உட்புறத்தைக் கணக்கிடும் வழியை யோகான் ராடன் என்ற கணிதவியலாளர் 1917-லேயே எழுதிவிட்டார். ஆலன் கார்மேக் என்ற இயற்பியலாளர் 1960களில் எக்ஸ் கதிர்களுக்காக அதே கணக்கைத் தானாகவே போட்டார், ராடனின் கட்டுரை இருப்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. சிடி ஸ்கேனுக்காக 1979-ல் கார்மேக்குக்கும் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே ஒரு சொல்லைப் போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் அந்த விஷயமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், அந்தத் துறைக்காரர் அதை என்னவென்று அழைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கிடைத்த முதல் நல்ல கட்டுரையில் வரும் சொற்களைக் குறித்துக்கொண்டு அவற்றைப் போட்டு மறுபடி தேடினால் கதவு திறக்கும்.

எங்கே தேடுவது என்பது எளிது. எல்லாத் துறைக்கும் கூகுள் ஸ்காலர், மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் பப்மெட், இயற்பியல், கணிதம், கணினியியலுக்கு 1991-லிருந்து இயங்கிவரும் ஆர்க்கைவ் (arXiv). ஆர்க்கைவில் இருப்பவை பெரும்பாலும் சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவங்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய துறை என்றால் முதலில் மீளாய்வுக் கட்டுரை ஒன்றைப் பிடியுங்கள். அது புதிதாக எதையும் கண்டுபிடிக்காது, இதுவரை வந்ததையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பேசும். அங்கே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படும் நான்கைந்து கட்டுரைகள்தான் உங்கள் அடுத்த வாசிப்பு.

கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டியதில்லை. அறிவியல் கட்டுரை என்றால் நான் சுருக்கம், அப்புறம் படங்களும் அட்டவணைகளும், பிறகு முன்னுரையின் கடைசிப் பத்தி என்று போவேன், கேள்வி என்ன என்பதைப் பெரும்பாலும் அங்கேதான் சொல்லியிருப்பார்கள். அதன்பின் செய்முறைப் பகுதிக்குப் போய் மூன்றே விஷயங்களைப் பார்ப்பேன்: எத்தனை பேரை அல்லது எத்தனை எலிகளை ஆராய்ந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் இந்த வரிசை வேலை செய்யாது. அங்கே வாதம் ஓடும் ஓட்டத்திலேயே விஷயம் இருக்கிறது, வரிசையாகத்தான் படிக்க வேண்டும், அடிக்குறிப்புகளையும் விடக்கூடாது. புரியாத சூத்திரம் வந்தால் தாண்டிப் போங்கள், முதல் வாசிப்பில் அது குற்றமே இல்லை.

ஆசிரியர் பெயர்களின் வரிசையை வைத்து யார் பெரியவர் என்று கணிக்கப் பார்க்காதீர்கள். உயிரியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது, கணிதத்தில் வெறும் அகரவரிசை. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-ல் வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள், அதன் 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போய்விட்டது.

படித்து முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கும், அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் கிடைக்கும். அதைத் திறந்து, மறுத்தவர் யாராவது உண்டா என்று பாருங்கள். தூங்கும்போது மூளை தன் கழிவுகளை வேகமாகக் கழுவி வெளியேற்றுகிறது என்று 2013-ல் எலிகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. அழகான கருத்து, எங்கு பார்த்தாலும் அதைப் பற்றியே பேச்சாக இருந்தது, நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். 2024-ல் இன்னொரு குழு, அதுவும் எலிகளை வைத்துத்தான், தூக்கத்தில் அந்த வெளியேற்றம் குறைகிறது என்று எழுதியது. விவாதம் இன்னும் முடியவில்லை. முதல் கட்டுரையோடு நின்றுவிட்டவருக்கு இப்படியொரு விவாதம் நடப்பதே தெரியாது. உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-ல் வெளியிட்டபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க, அதாவது மேலே சொன்ன இருபதில் ஒன்று என்ற கோட்டைத் தாண்டிய முடிவைக் காட்டியிருந்தன, திரும்பச் செய்தவற்றில் 36 சதவீதம்தான் காட்டின. இதனால் உளவியலே வேண்டாம் என்று ஒதுக்குவது தவறு. தன்னைத் தானே சோதித்து அந்த எண்ணை வெளிப்படையாகச் சொன்ன துறையின் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது.

குறிப்பு எடுக்கும்போது ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கேள்வி என்ன, சான்று என்ன, அந்தச் சான்று எதைச் சொல்லவில்லை என்ற மூன்றையும் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். கட்டுரையின் சொற்களையே திருப்பி எழுதுகிறீர்கள் என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி படியுங்கள். வெவ்வேறு துறைகளின் குறிப்புகளை ஒரே நோட்டில், அந்த ஒரு கேள்வியின் கீழ் வையுங்கள். துறைவாரியாகப் பிரித்து வைத்தால் வரலாற்றுக் குறிப்பும் எலிக் குறிப்பும் சந்திக்கவே சந்திக்காது.

கட்டுரை பணம் கேட்டால் அதன் தலைப்பை அப்படியே தேடிப் பாருங்கள், ஆசிரியரின் பக்கத்திலோ பல்கலைக்கழகச் சேமிப்பகத்திலோ இலவசப் பிரதி இருக்கக்கூடும். இல்லையென்றால் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி கட்டுரையிலேயே இருக்கும், ஒரு பிரதி கிடைக்குமா என்று இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். மூன்றாவது வரியாக, படித்த பகுதியில் உங்களுக்குப் புரியாத ஒரே ஒரு இடத்தையும் குறிப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.