ஊர்ப்பேருக்கு அர்த்தம் தேடும்போது செய்யக்கூடாத தப்புகள்

போன ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புப் பசங்க யாங்கோன் ஊர்ப்பேரு பத்தி ஒரு சார்ட் எழுதிட்டு வந்தாங்க. மொத வரியப் பாத்ததும் வயித்தக் கலக்கிடுச்சு. இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் செஞ்ச அதே தப்பு.

காதுல விழுற சத்தத்த நம்பாதீங்க

ரங்கூன்னா ரங்கம், அரங்கன் ஊருன்னு எழுதியிருந்தாங்க. நானும் கோயில் திருவிழா மலர்ல இதையேதான் எழுதினேன், முந்நூறு புத்தகம் அச்சாகி வந்தப்புறம் பக்கத்து வீட்டு பர்மிய சயா (வாத்தியாரு) வாங்கிப் பாத்துட்டு, பேனாவ எடுத்து அவங்க எழுத்துல பேர எழுதிக் காட்டினாரு. ரெண்டே சொல்லு. 'யான்'னா பகை, 'கோன்'னா தீந்துபோச்சு. 1755ல அலாங்பயா ராஜா, அப்ப தகோன்னு பேரு இருந்த இந்த ஊரப் பிடிச்சுட்டு வச்ச பேரு. அப்ப 'ர' எங்கேருந்து வந்துச்சு? மொத எழுத்த அந்தக் காலத்துல 'ர'ன்னுதான் சொன்னாங்க, மேற்குக் கரையோரத்து ரக்கைன் ஆளுங்க இன்னைக்கும் அப்படித்தான் சொல்றாங்க, மத்தவங்க வாயில அது 'ய' ஆயிடுச்சு. எழுத்து அப்படியேதான் இருக்கு. அந்தப் பழைய 'ர'வத்தான் வெள்ளைக்காரன் ரங்கூன்னு எழுதினான், நாம அதப் பிடிச்சுக்கிட்டு ரங்கநாதரத் தேடுறோம். அந்தப் பக்கத்தக் கிழிச்சு வேற பக்கம் ஒட்ட என் ஒரு மாசச் சம்பளம் போச்சு. இப்பவும் யாராச்சும் அந்தக் கதையச் சொன்னா எரிச்சலா வருது, தினமும் பஸ் போர்டுல பர்மிய எழுத்துப் படிக்கிற பிள்ளைங்க, ஒரு தடவ அதப் பாத்துட்டு எழுதலாம்ல?

மோல்மேன் ராஜாவோட மூணாவது கண்ணு

ஒரு ராஜாவுக்கு இருந்த மூணாவது கண்ணு போனதாலதான் மோல்மேன் ஊருக்கு அந்தப் பேரு வந்துச்சுன்னு சொல்வாங்க. அத எழுதுனா, கதைன்னு சொல்லி எழுதுங்க.

மியான்மர்ல நிக்கிற 'ர்'

பர்மிய எழுத்துல அது கிடையவே கிடையாது. 'மா'ன்னு நீட்டுறதுக்காக இங்கிலீஷ்ல போட்ட எழுத்து. பர்மாவுல நடுவுல இருக்குற 'ர்'ரும் அப்படித்தான், இங்க வாயில வர்றது 'பமா'. ஒரே பேருதான், 'மியன்மா' எழுத்து நடை, 'பமா' பேச்சு நடை.

1989ல எல்லாப் பேரும் மாறிச்சுங்குறது

ரங்கூன் யாங்கோன் ஆனதும் பெகு பகோ ஆனதும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மாத்தம்தான், பேரு பழசுதான். தெருவுங்க கத வேற. டல்ஹௌசி தெரு மகாபந்தூலா ஆச்சு, பிரேசர் தெரு அனவ்ரதா ஆச்சு, இதெல்லாம் நெசமாவே புதுப் பேரு. தாத்தா கடுதாசியில மொகல் தெருன்னு இருந்தா, மேப்புல ஷ்வே பொந்தா தெருன்னு போட்டுத் தேடுங்க.