தீவு மனிதர்களின் "கடைசித் தேதி": அடிக்கடி நடக்கும் தவறுகள்

இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் ஒரு மீட்டர் உயர மனிதர்கள் (ஹோமோ ஃப்ளோரசியென்சிஸ் என்ற, அழிந்துபோன மனித இனம்) 12,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். 2016-லேயே திருத்தப்பட்ட எண் அது. எப்படித் தவறியது என்று பார்த்தாலே மற்ற தவறுகளும் பிடிபடும்.

பக்கத்தில் கிடந்ததன் வயதை எலும்பின் வயதாக எடுப்பது. 2003-ல் லியாங் புவா குகையில் சுமார் ஆறு மீட்டர் ஆழத்தில் கிடைத்த எலும்புக்கூட்டின் (எல்.பி.1) உயரம் ஏறத்தாழ 106 செ.மீ. முதலில் சொன்ன 18,000 ஆண்டு எலும்பை அளந்து வந்ததல்ல. அருகிலிருந்த கரித்துண்டுகளைக் கார்பன் முறையில் அளந்து வந்தது. 2007 முதல் 2014 வரை அகலமாகத் தோண்டிய பிறகே சிக்கல் தெரிந்தது. எலும்பு கிடந்த பழைய மண்ணில் ஒரு பகுதி அரித்துப் போய், மிச்சம் திண்டுபோல நின்றிருக்கிறது. அந்தச் சரிவின்மேல் பிற்காலத்து மண் வந்து நிரம்பிவிட்டது. உடைந்த ஏரிக்கரையை ஒட்டிப் புது வண்டல் படிந்தது போல: ஆழம் ஒன்று, காலம் வேறு. கரி புது மண்ணுடையது, எலும்பு பழைய மண்ணுடையது. எலும்புகளின் இப்போதைய வயது 1,00,000 முதல் 60,000 ஆண்டுவரை; அவர்களுடையதாகக் கருதப்படும் கல்கருவிகள் சுமார் 50,000 வரை வருகின்றன. ஆகவே செய்தியில் எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, எதை அளந்தார்கள் என்பதுதான்.

"குறைந்தபட்சம்" என்ற சொல்லை விழுங்குவது. கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டோடு கைவிரித்துவிடும். அதற்கு முந்தைய எலும்பென்றால் யுரேனியம்-தோரியம் முறை: யுரேனியம் சிதைந்து எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. ஆனால் உயிருள்ள எலும்பில் யுரேனியம் மிகக் குறைவு. புதைந்தபின் நிலத்தடி நீர் வழியாகத்தான் ஏறுகிறது. அதனால் கிடைக்கும் எண் பெரும்பாலும் கீழ் எல்லைதான். பிலிப்பைன்ஸின் காயாவ் குகையில் 2007-ல் கிடைத்த பாத எலும்புக்கு (2019-ல் ஹோமோ லுசோனென்சிஸ் என்று பெயரிட்ட இனம்) 67,000 ஆண்டு என்றது இப்படித்தான். "67,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது" என்று அதை எழுதினால் பொருளே மாறிவிடும்.

எல்லாத் தீவையும் ஒன்றாகப் பார்ப்பது. கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் ஜாவா ஆசியப் பெருநிலத்தோடு சேர்ந்திருந்தது, ஃப்ளோரஸ் சேரவில்லை. ஜாவாவின் நாண்டோங்கில் கிடைத்த ஹோமோ எரக்டஸை (இன்னொரு பழைய மனித இனம்) "தீவில் ஒதுங்கிப் பிழைத்தவர்" என்று சொல்லுமுன் இதை நினைவில் வைக்க வேண்டும். அங்கும் 1996-ல் 53,000–27,000 ஆண்டு என்றார்கள், இப்போது 1,17,000–1,08,000 ஆண்டு.

"நோயால் குறுகிய நம் இனத்தவர்தான்" என்று தள்ளுவது. ஃப்ளோரஸ் மனிதர்களின் மணிக்கட்டு எலும்புகளின் வடிவம் நம்முடையதல்ல என்று 2007-லேயே காட்டிவிட்டார்கள். அதே தீவின் மாத்தா மெங்கேயில் சுமார் 7,00,000 ஆண்டு பழைய தாடை, எல்.பி.1-ஐவிடவும் சிறிது. அவ்வளவு முன்னால் நம் இனமே இல்லை.

ஊர்க்கதைகளில் வரும் குள்ளர்களைச் சான்றாகக் காட்டுவது இன்னொரு பழக்கம். எலும்புக்கும் கதைக்கும் நடுவே குறைந்தது 50,000 ஆண்டு இடைவெளி இருக்கிறது, விட்டுவிடலாம்.

கடைசி எலும்பை இனத்தின் முடிவாக எண்ணுவது. ஃப்ளோரஸ் மனிதர்களின் 60,000 என்பது லியாங் புவா என்ற ஒரே ஒரு குகையின் கணக்கு. நம் இனம் அதே குகைக்கு வந்ததற்கான தடயம் சுமார் 46,000 ஆண்டுக்கு முந்தையது. அங்கிருந்த, யானையின் உறவான குள்ள விலங்கு ஸ்டெகோடானும் சுமார் 50,000 ஆண்டுக்குப் பின் குகையில் தென்படவில்லை. "நாம் வந்தோம், அவர்களை ஒழித்தோம்" என்று எழுத இது போதாது. இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்ததைக் காட்டும் எலும்பு இன்னும் கிடைக்கவில்லை.