ஊரைக் கூட்டிப் பள்ளிக்கு மூன்றாண்டுத் திட்டம் போடுவது எப்படி? புதிய எஸ்.எம்.சி. உறுப்பினர்களுக்கு ஒரு செய்முறை

உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கூட்டத்துக்குப் போனால் தீர்மான நோட்டை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவீர்கள், டீ வரும், குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். பல ஊர்களில் எஸ்.எம்.சி. என்றால் இவ்வளவுதான். ஆனால் சட்டம் உங்களிடம் கொடுத்திருக்கிற பெரிய வேலை வேறு. பள்ளியின் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான மேம்பாட்டுத் திட்டத்தை எழுத வேண்டியது நீங்கள்தான். அதை ஊரோடு சேர்ந்து எழுதுவது எப்படி என்று பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: உங்கள் அதிகாரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் இரண்டே இரண்டு பிரிவுகளைப் படித்தால் போதும். பிரிவு 21 குழுவைப் பற்றியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் வேண்டும் என்கிறது. பிரிவு 22 திட்டத்தைப் பற்றியது. குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதில் உள்ள வாசகம். தலைமையாசிரியரிடம் பேசும்போது இது கைவசம் இருக்கட்டும். சண்டை போட அல்ல, பெரும்பாலான ஹெச்.எம்.களுக்கு மேலே எழுதிக் கேட்க இப்படி ஒரு பிடி தேவைப்படுகிறது.

படி 2: காலத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்கு மூன்று மாதம் முன்பே திட்டம் தயாராக வேண்டும் என்பது விதி. ஆக, டிசம்பர் கடைசி. அக்டோபர் 2 அன்றும் நவம்பர் 1 அன்றும் கிராம சபை கூடும். அக்டோபரில் வரைவை வாசியுங்கள், நவம்பரில் திருத்தியதை வாசியுங்கள். அப்படியானால் கணக்கெடுப்பை ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும்.

படி 3: பிள்ளைகளை எண்ணுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் அதிகம் செலவிட வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் "சுற்றுச்சுவர் வேண்டும், ஸ்மார்ட் போர்டு வேண்டும்" என்று தேவைப் பட்டியலில் தொடங்குகின்றன. சட்டத்தின் விதிகள் முதலில் கேட்பதோ அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் வகுப்பு வாரியாக எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை. ஆசிரியர் பணியிடம், வகுப்பறை, மானியம் எல்லாமே அந்த எண்ணிலிருந்துதான் வருகின்றன.

முதலில் அங்கன்வாடிக்குப் போங்கள். ஊரில் மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் யார் யார் என்று அங்கன்வாடி அக்காவின் பதிவேட்டில் இருக்கும். அப்புறம் தெருவுக்கு ஒரு உறுப்பினர் என்று பிரித்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபாருங்கள். பதிவேட்டில் இல்லாத பிள்ளைகளும் உண்டு. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் தங்கியிருக்கும் வெளியூர், வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்களும் உங்கள் பள்ளிக்கு வர வேண்டியவர்கள்தான்.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். ஒரு தொடக்கப் பள்ளியில் இப்போது 57 பேர். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகப்போகிறவர்கள் 14 பேர். அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு வயதுக்கு வரும் பிள்ளைகள் ஊரில் 19 பேர். அதில் 8 வீட்டில் வேன் வரும் தனியார் பள்ளி என்று முடிவு செய்துவிட்டார்கள். மீதி 11 பேர் வந்தால் எண்ணிக்கை 54. சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். அந்த எட்டு வீட்டில் ஏழு வீடு மனம் மாறினால் 61. மூன்றாவது ஆசிரியரைக் கேட்க அந்த ஏழு பிள்ளைகள்தான் ஆதாரம். ஆகஸ்ட் 1 அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள் என்பதால் செப்டம்பரில் வந்து சேர்கிற பிள்ளை அந்த ஆண்டுக் கணக்குக்கு உதவாது.

இதே கணக்கை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் போடுங்கள். எண் குறைந்துகொண்டே போனால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆசிரியரை உபரி என்று காட்டி மாற்றிய பிறகு ஊர் கூடிப் பேசுவதைவிட இரண்டு ஆண்டு முன்பே பேசுவது மேல்.

படி 4: கூட்டத்துக்கு வராதவர்களிடம் போய்க் கேளுங்கள்

பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம். கூலி வேலைக்குப் போகிறவர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படி வருவார்? இரவு ஏழு மணிக்கு மேல் தெருவிலேயே பத்துப் பேரோடு உட்காருங்கள். மகளிர் சுயஉதவிக் குழு கூடும் நாளில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். காலனியில் தனியாக ஒரு கூட்டம் கண்டிப்பாக வையுங்கள். ஊர்த் தெருவில் நடக்கும் பொதுக்கூட்டத்தில் அந்த மக்கள் வாய் திறந்து பேசுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்; அது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "பள்ளிக்கு என்ன தேவை?" என்றால் எல்லா ஊரிலும் ஒரே பட்டியல்தான் வரும். "உங்க பையனை ஏன்மா வேன்ல அனுப்பறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலீஷ் மீடியம் என்று ஒருவர் சொல்வார். பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்பார் இன்னொருவர். போன வருடம் மூன்று மாதம் டீச்சரே இல்லையே என்பார் மற்றொருவர். திட்டத்தில் எழுத வேண்டியது இந்தப் பதில்களைத்தான். சொன்னவர் முன்னிலையிலேயே நோட்டில் எழுதுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். "பள்ளியில் நீங்கள் போகப் பயப்படுகிற இடம் எது?" என்ற ஒரே கேள்வி போதும். பெரியவர்கள் பத்து முறை சுற்றி வந்தும் கண்ணில் படாதது அதில் வந்துவிடும். பெண் பிள்ளைகளிடம் பெண் உறுப்பினர் தனியாகப் பேசட்டும்.

படி 5: பள்ளியைச் சுற்றி நடந்து அளவெடுங்கள்

சட்டத்தின் அட்டவணையே உங்கள் சரிபார்ப்புப் பட்டியல். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறையாவது இருக்கிறதா, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சமையல் அறை, விளையாட்டு இடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, மாற்றுத்திறனாளிப் பிள்ளை தடையில்லாமல் வர வழி, நூலகம். "உண்டு, இல்லை" என்று மட்டும் குறிக்காதீர்கள். கழிப்பறை இருக்கும், தண்ணீர் வராது. தண்ணீர் வரும்; தாழ்ப்பாள் இருக்காது. நூலக அலமாரி இருக்கும். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பணம் எங்கிருந்து வரும் என்று பிரியுங்கள்

சேர்ந்ததை எல்லாம் மூன்றாகப் பிரித்துவிடலாம். பணமே தேவைப்படாதவை முதலில். நூலகச் சாவி, மதியச் சாப்பாட்டு வரிசை, சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு தன்னார்வலர் எல்லாம் இதில் வரும். இவற்றை அடுத்த மாதமே முடித்துக் காட்டினால் ஊர் உங்களை நம்பும்.

அடுத்தது பள்ளி மானியத்தில் முடிகிறவை. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் விதிப்படி 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 2024-25இல் மத்திய அரசின் பங்கு வராமல் இழுபறியானதை எல்லோரும் பார்த்தோம். அதனால் மானியத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாவது, கட்டடம் மாதிரிப் பெரிய வேலைகள். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி, ஊராட்சி ஒன்றியப் பொது நிதி என்று வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு தேவைப்படும் என்பதால் அவரை ஒருமுறை நேரில் அழைத்து வந்து காட்டிவிடுங்கள்.

நன்கொடை பற்றி ஒரு வார்த்தை. 1950களின் கடைசியில், காமராசர் முதல்வராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். பள்ளிகளின் தேவைகளைப் பட்டியலிட்டு, ஊர் மக்கள் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்கள் அப்படித் தரலாம். நல்ல விஷயம்தான். ஆனால் ஊரைச் சேர்ப்பது என்றாலே உண்டியல் குலுக்குவது என்று ஆக்கிவிடாதீர்கள். கொடுக்க வசதியில்லாத பெற்றோருக்கும் தீர்மானிக்கிற உரிமை இருக்கிறது. மேலும், ஆசிரியரையும் வகுப்பறையையும் தருவது அரசின் கடமை. நன்கொடையாளரின் பெயர்ப்பலகைக்காகத் திட்டத்தின் வரிசை மாறக் கூடாது.

படி 7: எழுதுங்கள்

நான்கு பகுதிகள் போதும்: வகுப்பு வாரி மாணவர் மதிப்பீடு, கூடுதல் ஆசிரியர் தேவை, கட்டடமும் பொருள்களும், கூடுதல் நிதி. மூன்று ஆண்டுக்கும் ஆண்டு வாரியாகப் பிரித்து எழுத வேண்டும்.

வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்றால், "கழிப்பறை வசதி செய்து தர வேண்டுகிறோம்" என்று எழுதினால் அது மனு. இப்படி எழுதிப் பாருங்கள்: "பெண் பிள்ளைகள் 31 பேர். பயன்பாட்டில் உள்ள கழிப்பறை 1. தண்ணீர் இணைப்பும் தாழ்ப்பாளும் இல்லை. முதலாண்டு: இணைப்பும் தாழ்ப்பாளும், பள்ளி மானியத்தில். இரண்டாம் ஆண்டு: கூடுதலாக ஒரு கழிப்பறை, ஒன்றிய நிதியில். பொறுப்பு: குழுத் துணைத் தலைவர்." இதைப் படிக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் கேட்க ஒரு கேள்வியும் மிச்சம் இருக்காது.

படி 8: கையெழுத்து, கிராம சபை, ஒப்புகை

குழுத் தலைவரும் கூட்டுநரான தலைமையாசிரியரும் கையெழுத்திட வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் தீர்மானத்தைப் பதிவேற்றச் சொல்வார்கள், செய்யுங்கள். ஆனால் செயலியோடு நிறுத்திவிடாதீர்கள். தாளில் ஒரு படி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு, ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, ஒன்று ஊராட்சிக்கு. மூன்றிலும் தேதியோடு முத்திரை போட்ட ஒப்புகை வாங்குங்கள். கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக ஏற்றிவிட்டால் கேட்பது பள்ளிக் குழு மட்டுமல்ல, ஊராட்சியும்தான் என்றாகிவிடும்.

படி 9: பின்தொடருங்கள்

திட்டத்தின் சுருக்கத்தைப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். எந்த வேலை, யார் பொறுப்பு, எந்த மாதம், முடிந்ததா என்ற நான்கு கட்டம் போதும். மாதக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் அந்தத் தாளுக்கு. அலுவலகத்திலிருந்து பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், "இந்தத் தேதியில் பெற்ற எங்கள் திட்டத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2022இல் அமைத்த குழுக்களை 2024இல் மாற்றி அமைத்தார்கள். திட்டமோ மூன்று ஆண்டுக்கானது. அது முடிவதற்குள் நீங்கள் பொறுப்பில் இல்லாமல் போகலாம். அதனால் கணக்கெடுப்புத் தாள்கள், படங்கள், ஒப்புகைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, புதிய குழுவின் முதல் கூட்டத்தில் தீர்மான நோட்டில் பதிவு செய்து கையளியுங்கள். அங்கன்வாடிக் கணக்கின் நகல் ஒன்றும் அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு அவர்கள் எண்ணத் தொடங்க வேண்டியது அங்கிருந்துதான்.