இஸ்ரேலுக்குப் படிக்க வருபவர்களுக்கு: பெயர், சைரன், வெள்ளிக்கிழமை, அரிசி

இஸ்ரேலுக்கு வரும் தமிழ் மாணவர்களில் பெரும்பாலோர் பி.எச்டிக்கோ போஸ்ட்டாக் ஆய்வுக்கோ வருபவர்கள். ரெஹோவோத்தில் வைஸ்மன் நிறுவனம், ஹைஃபாவில் டெக்னியான், பேர்ஷெவாவிலும் ஸ்தே போக்கரிலும் பென் குரியன் பல்கலைக்கழகம், ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகம், ராமத் கானில் பார் இலான் என்று இடம் எதுவானாலும் ஆய்வகத்துக்குள் ஆங்கிலம் போதும். வெளியே வந்ததும் கரன்ட் பில், வாடகை ஒப்பந்தம், வங்கிப் படிவம், பால் பாக்கெட் எல்லாமே ஹீப்ருவில்தான் இருக்கும். இங்கே வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல், ஒரு வேலையை இரண்டு நாள் முன்னால் முடிக்காமல் விட்டதால் வருபவை. எதை எப்போது முடித்துவைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் பெயர்

நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அதில் அப்பா பெயர் இருக்கும். இங்குள்ள எந்தப் படிவமும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. ஒரு அலுவலகத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார்கள், இன்னொன்றில் உங்கள் பெயரையே இரண்டு முறை போடுவார்கள், மூன்றாவதில் வரிசையை மாற்றிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போனால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஹீப்ரு எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த மொழியில் 'க' ஒலிக்கு காஃப், கோஃப் என்று இரண்டு எழுத்துகள். 'த' ஒலிக்கு தாவ், தெத் என்று இரண்டு. கார்த்திக் என்ற பெயரில் இரண்டு 'க'வும் ஒரு 'த'வும் வருவதால், அதை எட்டு விதமாக எழுதிவிட முடியும். எட்டும் படிக்கச் சரிதான், ஆனால் கணினிக்கு எட்டும் வேறுவேறு ஆட்கள். ஆகவே வந்த முதல் வாரமே துறைச் செயலரிடம் சொல்லி உங்கள் பெயரை ஹீப்ருவில் எழுதி வாங்கி, போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் என எங்கு போனாலும் அதையே காட்டுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால், பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு அச்சான வரியில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசைதான். குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்பிப் புது பாஸ்போர்ட் எடுப்பதாக இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். விசா ஒட்டிய பிறகு மாற்றினால் இரட்டை வேலை.

இணையப் படிவங்கள் ஒன்பது இலக்க 'தெயுதாத் செஹூத்' எண்ணைக் கேட்கும். அது குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் உள்ள அடையாள எண், மாணவர்களுக்குக் கிடையாது. பாஸ்போர்ட் எண் போடும் 'தர்கோன்' என்ற தெரிவு பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நேரில்தான் போக வேண்டும். ஒன்பது இலக்கத்துக்காகக் கற்பனை எண் எதையும் போட்டுவிடாதீர்கள்.

விசா

மாணவர் விசாவின் பெயர் ஏ/2. தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு பெங்களூருவில் உள்ள இஸ்ரேல் துணைத் தூதரகம். மனைவியோ கணவரோ உடன் வருவதாக இருந்தால், திருமணச் சான்றிதழுக்கு, அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிய பிறகே கிளம்புங்கள். அது இல்லாமல் இங்கே வந்துவிட்டால், சான்றிதழை ஊருக்கு அனுப்பி முத்திரை வாங்கித் திரும்ப வரவழைக்க வேண்டியிருக்கும். ஏ/2 விசாவில் வெளிவேலை பார்க்க அனுமதி இல்லை.

நீட்டிப்பு 'மிஸ்ராத் ஹப்னிம்' எனப்படும் உள்துறை அமைச்சகத்தில், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவு வழியாக நடக்கும். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பாஸ்போர்ட்டில் எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்றும் பார்ப்பார்கள் என்பதால், நீண்ட காலம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோடு வருவது நல்லது.

ஒட்டிய விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். ஒரு முறைதான் என்றால், ஊருக்குப் போகும் முன் பலமுறை நுழையும் அனுமதி வாங்கியாக வேண்டும். அண்ணன் கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பி, திரும்பி வர மறுபடி முதலிலிருந்து விசா எடுக்கும் நிலை இந்த ஒரு வரியால் வருவது. இன்னொன்றும் உண்டு: பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் விசா இருந்தால் லெபனான், ஈரான் போன்ற நாடுகளுக்குள் விடமாட்டார்கள்.

வீடு

கேம்பஸ் விடுதி கிடைத்தால் முதல் வருடம் அதை விடாதீர்கள். வெளியே எடுப்பதென்றால், 'மூன்று அறை வீடு' என்ற விளம்பரத்துக்கு இரண்டு படுக்கையறையும் ஒரு ஹாலும் என்றே பொருள். இங்கே ஹாலையும் அறைக் கணக்கில் சேர்ப்பார்கள். யாத் ஷ்தாயிம் என்ற தளத்தில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் வரும். வாடகையோடு மூன்று செலவுகளைச் சேர்த்துக் கேளுங்கள்: நகராட்சி வரியான 'அர்னோனா', மாடிப்படி விளக்குக்கும் துப்புரவுக்கும் வாங்கும் 'வஆத் பாயித்', பிறகு தண்ணீர், கரன்ட், கேஸ். பில்கள் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். சாவி வாங்கும் நாளில் மீட்டர்களைத் தேதியோடு போட்டோ எடுத்துவிடுங்கள். முன்பு இருந்தவருடைய பாக்கி உங்கள் தலையில் விழாமல் காப்பது அந்தப் போட்டோதான்.

வீட்டு உரிமையாளர்கள் பலர் 12 மாதத்துக்கும் முன்தேதியிட்ட காசோலை கேட்பார்கள். கொடுக்கும்போது மேலே இரண்டு கோடு போட்டு 'லமுதாவ் பில்வாத்' என்று ஹீப்ருவில் எழுதிவிடுங்கள். பெயர் எழுதியவரைத் தவிர வேறு யாரும் பணமாக்க முடியாது என்பது அதன் பொருள். ஒப்பந்தத்தை ஆய்வகத்தில் ஹீப்ரு தெரிந்த ஒருவர் முழுக்கப் படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

குளியலறைக்கு வெளியே சிவப்பு விளக்கோடு ஒரு சுவிட்ச் இருக்கும். அதுதான் 'தூத்', மொட்டைமாடியில் இருக்கும் சூரிய வெந்நீர்த் தொட்டிக்கான மின் சுவிட்ச். கோடையில் தொடவே தேவையில்லை. மழைக்காலத்தில் குளிக்க அரைமணி முன் போட்டு, குளித்ததும் அணைத்துவிடுங்கள். இரவு முழுக்க எரியவிட்டால் அடுத்த பில்லில் தெரியும்.

சைரன்

வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: மமாத் இருக்கிறதா? கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் ஜன்னலுக்கு இரும்புத் தகடும் உள்ள, ஏவுகணைத் தாக்குதல் சைரன் ஒலித்தால் ஒதுங்கும் பாதுகாப்பு அறை அது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு, 1990களின் தொடக்கத்திலிருந்து கட்டும் புதிய வீடுகளில் கட்டாயமானது. பழைய கட்டடங்களில் இருக்காது, அங்கே பொது நிலவறையான 'மிக்லாத்' எங்கே என்று கேட்டு, ஒருமுறை நடந்து போய், கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கட்டடத்தின் உள் மாடிப்படி, அதுவும் மேலே இன்னும் இரண்டு தளமாவது இருக்கும் இடம்.

மமாத் அறையும் ஒரு படுக்கையறைதான், பங்கு வீடுகளில் அதை ஒருவர் தன் அறையாக எடுத்திருப்பார். நடு இரவில் எல்லோரும் அதற்குள் வருவார்கள் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். இரும்பு ஜன்னலை மாதம் ஒருமுறை இழுத்து மூடிப் பாருங்கள். பல மாதம் அசைக்காமல் விட்டால், வேண்டிய நேரத்தில் அது இறுகி நிற்கும்.

உள்நாட்டுப் பாதுகாப்புப் படையான பிகூத் ஹஓரேஃப் செயலியைப் போனில் ஆங்கிலத்தில் அமைத்து, ஊரையும் குறித்துவையுங்கள். சைரனுக்கும் தாக்குதலுக்கும் இடையே உள்ள நேரம் ஊருக்கு ஊர் மாறும்: காசாவை ஒட்டிய ஸ்தேரோத்தில் 15 விநாடி, டெல் அவிவில் ஒன்றரை நிமிடம். உங்கள் ஊருக்கு எவ்வளவு என்று செயலியே சொல்லும். வெளியேறலாம் என்ற அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் தரையில் குப்புறப் படுத்து, இரு கையாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

ஏறி இறங்கி ஒலித்தால் அது ஆபத்து. ஒரே சீராக ஒலித்தால் நினைவேந்தல். யூதப் படுகொலை நினைவு நாளில் காலை 10 மணிக்கும், போரில் இறந்தோர் நினைவு நாளில் முந்தைய இரவு 8 மணிக்கும் மறுநாள் காலை 11 மணிக்கும் ஒலிக்கும்போது, கார்கள்கூட நடுரோட்டில் நின்று மக்கள் இறங்கி அசையாமல் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். ஜெருசலேமில் வெள்ளி மாலை சூரியன் மறையும் முன் ஒலிப்பது, சனி மாலை வரை நீளும் யூதர்களின் ஓய்வு நாளான ஷபாத் தொடங்குகிறது என்ற அறிவிப்பு.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2025 ஜூனில் ஈரான் ஏவிய ஏவுகணைகளில் வைஸ்மன் நிறுவனத்தின் ஆய்வகக் கட்டடங்களும் பேர்ஷெவாவின் சோரோக்கா மருத்துவமனையும் சேதமடைந்தன. விமான நிலையம் மூடியிருந்ததால், இந்திய அரசு 'ஆபரேஷன் சிந்து' மூலம் நம்மவர்களை ஜோர்டான், எகிப்து வழியாகத் தரைமார்க்கமாக வெளியேற்றியது. அதற்கு முன் 2023 அக்டோபரிலும் நம்மவர்களை அழைத்துவர 'ஆபரேஷன் அஜய்' நடந்தது. டெல் அவிவில் உள்ள உங்கள் நாட்டுத் தூதரகத்தில் வந்த வாரமே பதிவுசெய்துகொள்ளுங்கள், இலங்கைத் தமிழர்களுக்கும் அங்கேயே தூதரகம் உண்டு. பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், கொஞ்சம் ரொக்கம் வைத்த பை ஒன்று கதவருகே எப்போதும் இருக்கட்டும். ஆய்வுத் தரவுகளை வேறு ஊரில் உள்ள சர்வரிலும் ஒரு பிரதி வையுங்கள். ஆம்புலன்ஸ் 101, போலீஸ் 100, தீயணைப்பு 102.

நோய் என்றால்: மாணவர்களுக்கு இருப்பது தனியார் காப்பீடு. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், மருத்துவரின் பரிந்துரைக் கடிதமான 'ஹஃப்னாயா' இல்லாமல் பெருந்தொகை பில்லாக வரலாம். உயிருக்கு ஆபத்தில்லை என்றால் முதலில் காப்பீட்டு எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்

வேலை வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளி மதியத்திலிருந்து கடைகள் மூடத் தொடங்கும், மாலைக்குள் ரயிலும் பெரும்பாலான பேருந்துகளும் நின்று, சனி இரவுதான் திரும்ப ஓடும். அரிசியும் மருந்தும் வியாழனே வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை ஏதாவது வேண்டுமென்றால் அரபு மக்கள் வாழும் பகுதிகள் கைகொடுக்கும்: ஹைஃபாவில் வாதி நிஸ்னாஸ், டெல் அவிவுக்குப் பக்கத்தில் யாஃபா, ஜெருசலேமில் பழைய நகரம். வேன்களான 'ஷெரூத்' சில தடங்களில் சனியும் ஓடும். வெள்ளி இரவு, சனி பகலில் வந்திறங்கும் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். டாக்சிக்கே நிறைய போய்விடும்.

பேருந்துக்கும் ரயிலுக்கும் ரவ்-காவ் அட்டை. பெயரில்லாத அட்டை உடனே கிடைக்கும், ஆனால் மாணவர் சலுகை ஏறுவது போட்டோ போட்ட சொந்த அட்டையில்தான்.

யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று விமான நிலையம் உட்பட எல்லாமே நிற்கும், நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் விடுவார்கள். அன்று வண்டி எடுக்கக் கூடாது.

சமையல்

மின்சாரம் நம்மூர் மாதிரியே 230 வோல்ட், மிக்ஸி நன்றாக ஓடும். ஆனால் நம் உருண்டை மூன்று முள் பிளக் இங்குள்ள துளையில் நுழையாது, அடாப்டர் வேண்டும். குக்கர் கொண்டு வாருங்கள், அடி தட்டையாக இருக்கட்டும், ஏனெனில் விடுதிகளில் பல இடத்தில் கேஸ் இருக்காது, மின் தட்டுதான். பச்சைக் கறிவேப்பிலை, பால் பொருள், இறைச்சி வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். கறிவேப்பிலையைப் பொடியாக்கிக் கொண்டு வரலாம்.

சூப்பர் மார்க்கெட்டில் தேட வேண்டிய பெயர்கள்: மஞ்சள் கூர்கூம், சீரகம் கமூன், கொத்தமல்லி கூஸ்பரா, ரவை சோலெத், மைதா கேமாஹ், மசூர் பருப்பு அதாஷிம் கெத்துமோத். புளி அரபுக் கடைகளில் 'தமர்ஹிந்தி', இந்தியப் பேரீச்சை என்று பொருள். உளுந்து, இட்லி அரிசி, துவரம் பருப்புக்கு ராம்லா, திமோனா, அஷ்தோத், பேர்ஷெவாவில் இந்திய யூதர்கள் நடத்தும் கடைகளும், டெல் அவிவ் மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஆசியக் கடைகளும் உண்டு. பேர்ஷெவாக்குப் பக்கத்து நெவாத்திம் கிராமம் கொச்சி யூதர்கள் குடியேறிய ஊர், அங்குள்ள முதியவர்களிடம் மலையாளம் கேட்கலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பார்வே' என்று அச்சிட்டிருந்தால் பாலும் இறைச்சியும் இல்லை என்றுதான் அர்த்தம். முட்டையும் மீனும் இருக்கலாம். இறைச்சி இல்லாமல் பால் உணவு தரும் 'ஹலாவி' உணவகத்திலும் மீன் உண்டு. சந்தேகம் தீர 'திவோனி' என்று கேளுங்கள், விலங்கிலிருந்து வந்த எதுவும் அதில் இராது. கேன்டீனில் பால் பகுதிக்குள் வீட்டுக் கோழிக் குழம்பு டப்பாவைத் திறக்கக் கூடாது. பாலையும் இறைச்சியையும் சேர்க்காத யூத உணவு விதிப்படி நடக்கிறது என்று அந்தச் சமையலறைக்குத் தந்த கோஷர் சான்றிதழுக்கே அது பிரச்சினையாகிவிடும்.

வசந்தத்தில் வரும் பெசாக், அதாவது புளித்த மாவுப் பண்டங்களை யூதர்கள் தவிர்க்கும் பாஸ்கா பண்டிகையின் ஏழு நாளும் ரொட்டி, மைதா, சேமியா, ரவை அடுக்குகளை யூதர் கடைகளில் பிளாஸ்டிக் போட்டு மூடிவிடுவார்கள். அரிசியையும் பருப்பையும் ஒரு சாரார் சாப்பிடுவார்கள், இன்னொரு சாரார் தொடமாட்டார்கள், ஆகவே சில கடைகளில் அவையும் திரைக்குப் பின்னால் போகும். ஒரு வாரம் முன்பே இரண்டு கிலோ ரவையும் ஐந்து கிலோ அரிசியும் வாங்கி வைத்துவிடுங்கள்.

அரைத்த இட்லி மாவு கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஜனவரியில் கல்தரை வீட்டுக்குள் ஒரு நாள் வைத்தாலும் அசையாது. பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டுக் கதவை மூடுங்கள். உப்பை முன்பே போட்டுக் கையால் கலந்து, இரவு ஒன்பதுக்கு வைத்தால் காலையில் இட்லிக்குத் தயாராகியிருக்கும்.