தமனி நோயாளிகளிடம் நுண்தனிமங்களை அளவிடும் முறை

தமனி அடைப்பு உள்ளவரின் இரத்தத்தில் துத்தநாகம், செம்பு, செலினியம் ஆகிய நுண்தனிமங்களை (உடலில் மிகச் சிறிய அளவில் இருக்கும் தனிமங்களை) அளக்கும்போது, முடிவை நம்பலாமா கூடாதா என்பது கருவிக்குப் போகும் முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே மாதிரி எடுப்பதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும்.

இம்மூன்றையும் சீரத்தில் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் நீர்ப்பகுதி) அல்லது பிளாஸ்மாவில் (உறையாத இரத்தத்தின் நீர்ப்பகுதி) அளக்கலாம். ஆய்வு முடியும்வரை இரண்டில் ஒன்றையே பின்பற்றுங்கள். ஈயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்களையும் அளப்பதானால், அவை பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் தங்குவதால் முழு இரத்தம் தேவை. புகைப்பழக்கம் தமனியையும் கெடுத்து, காட்மியத்தையும் உயர்த்துவதால், அந்த விவரம் பதிவாகாத காட்மிய அளவுக்குப் பொருளே இல்லை.

உணவுக்குப் பின் துத்தநாகம் குறையும் என்பதால், எல்லோரிடமும் காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுங்கள். தையசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகள் துத்தநாகத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் செம்பை உயர்த்தும். சத்து மாத்திரைகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்நோயாளிகளிடம் எளிதில் தவறவிடப்படுவது, எம்ஆர் ஆஞ்சியோகிராமுக்கு (தமனிகளை எம்ஆர்ஐயில் படமெடுக்கும் சோதனை), படம் தெளிவாகத் தெரியச் செலுத்தப்படும் காடோலினியம். அதன் இரட்டை மின்னேற்ற அயனிகள் தனிமங்களை நிறையை வைத்துப் பிரித்தறியும் ஐசிபி-எம்எஸ் கருவியில் நிறை எண் 78, 80 ஆகிய இடங்களில் செலினியம்போலவே தெரிந்து, இல்லாத செலினியத்தை இருப்பதாகக் காட்டும். குறைந்தது 96 மணி நேரம் காத்திருங்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும்.

சாதாரணக் குழாய்களின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசியும் என்பதால், நுண்தனிமப் பரிசோதனைக்கென்றே செய்யப்பட்ட கருநீல மூடிக் குழாயைப் பயன்படுத்துங்கள். எஃகு ஊசியிலிருந்து வரும் குரோமியம், நிக்கல், மாங்கனீசு ஆகியவற்றை அளப்பதானால் முதலில் வரும் இரத்தத்தைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். பவுடர் பூசிய கையுறை வேண்டாம். சிவப்பணுவில் பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு துத்தநாகம் இருப்பதால், அணுக்கள் சிதைந்து சிவந்த மாதிரியை, எவ்வளவு சிரமப்பட்டு எடுத்ததானாலும், தயங்காமல் நிராகரியுங்கள்.

அளவீட்டின்போது ஒவ்வொரு தொகுதியிலும் இரத்தம் சேராத வெற்று மாதிரியும், மதிப்பு தெரிந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரியும் இருக்க வேண்டும். கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவின் இரண்டிரண்டு அணுக்கள் இணைந்த அயனிகள் 80ஆம் இடத்தை மறைப்பதால், செலினியத்துக்கு மோதல் அறையை (இத்தகைய குறுக்கீட்டு அயனிகளை வாயுவால் வடிகட்டும் பகுதி) இயக்கி 78இல் படிப்பது பாதுகாப்பானது.

அழற்சி துத்தநாகத்தையும் செலினியத்தையும் தாழ்த்தி, செம்பை உயர்த்தும். மாரடைப்புக்குப் பிந்தைய நாள்களில் இது தெளிவாகத் தெரியும். எனவே அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும், இரத்தப் புரதமான ஆல்புமினையும் அதே இரத்தத்தில் அளந்து, சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் துத்தநாகப் பற்றாக்குறை என்று எழுதாமல், அழற்சி தணிந்தபின் மறுபடியும் அளவிடுங்கள்.